நாசர் ஹெஜாசி: தேசிய அணி அழைக்காமலே விட்ட பயிற்சியாளர்

1970களின் ஈரான் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். சிவப்புச் சட்டை பெர்செபோலிஸுக்கு அலி பர்வின், நீலச் சட்டை தாஜுக்கு நாசர் ஹெஜாசி. பர்வின் 1946இல் பிறந்தவர், ஹெஜாசி 1949 டிசம்பரில். ஒருவர் நடுக்களத்தை ஆண்டவர், மற்றவர் கோல்கீப்பர். ஆசியக் கோப்பை, ஒலிம்பிக், 1978 உலகக் கோப்பை என்று ஒன்றாகவே போனார்கள். ஆட்டத்தை விட்ட பிறகு இருவருமே பயிற்சியாளர்கள் ஆனார்கள். பர்வினுக்கு 1989இல் தேசிய அணி கிடைத்தது. ஹெஜாசிக்கு 2011இல் சாகும்வரை ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அவருடைய ரசிகர்கள் ஒரே வரியில் பதில் சொல்வார்கள்: மனிதர் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டார். அதில் உண்மை உண்டு. ஆனால் அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், வாய் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் பாதை திசை மாறிவிட்டது தெரியும். அதை மாற்றியது ஒரு வயது விதி. பிறகு ஒரு வங்கதேச கிளப்.

தாஜ் கிளப் 1945இல் சைக்கிள் ஓட்டுபவர்களின் சங்கமாகத் தொடங்கியது. பின்னர் பல விளையாட்டுகள் கொண்ட பெரிய அமைப்பாக வளர்ந்தது. அதன் தலைவர் பர்வீஸ் கொஸ்ரவானி ராணுவ ஜெனரல். கிரீடம் என்று பொருள்படும் பெயரும் ஜெனரல் தலைவருமாக இருந்ததால், மன்னர் ஷாவின் ஆட்சிக்கு நெருக்கமான கிளப் என்ற முத்திரை அதன் மேல் விழுந்தது. ஹெஜாசி 1967 வாக்கில் அங்கே சேர்ந்தார். 1970 ஏப்ரலில் தெஹ்ரானின் அம்ஜதியே மைதானத்தில் ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி ஹபோயல் டெல் அவிவ். இஸ்ரேல் அப்போது ஆசியக் கூட்டமைப்பில்தான் இருந்தது. தாஜ் 2-1 என வென்றது. அந்த அணியில் இருந்த ஹெஜாசிக்கு அப்போது 20 வயது.

அடுத்த பத்தாண்டு ஈரானின் பொற்காலம். 1968, 1972, 1976 என மூன்று ஆசியக் கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற நாடு வேறு எதுவும் இல்லை, இன்றுவரை. கடைசி இரண்டிலும் ஹெஜாசி இருந்தார். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் கால் இறுதி. எண்ணெய்ப் பணம் கொழித்த காலம் அது. பெரிய மைதானமும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களும் தக்த்-இ-ஜம்ஷீத் கோப்பை என்ற நாடு தழுவிய லீக்கும் அந்தப் பணத்தில் வந்தவை. திறமை எல்லாக் காலத்திலும் இருக்கும். அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு ஹெஜாசியின் தலைமுறைக்கு வாய்த்தது.

1978 உலகக் கோப்பையில் 16 அணிகளுக்குத்தான் இடம். ஆசியாவுக்கும் ஓஷியானியாவுக்கும் சேர்த்து ஒரே இடம், அதைப் பிடித்தது ஈரான். அர்ஜென்டினாவில் மூன்று ஆட்டங்கள்: நெதர்லாந்திடம் 0-3, ஸ்காட்லாந்துடன் 1-1, பெருவிடம் 1-4. எட்டு கோல் வாங்கிய கோல்கீப்பர் என்று மட்டும் குறித்துக்கொண்டால் ஹெஜாசி அங்கே தோற்றுப்போனவராகத் தெரிவார். அந்த எட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் ரென்சென்பிரிங்க் இரண்டு பெனால்டி, பெருவின் குபியாஸ் இரண்டு பெனால்டி, ஸ்காட்லாந்துக்கு எதிராக டிஃபெண்டர் அந்த்ரானிக் எஸ்கந்தரியன் போட்ட சேம்சைடு கோல் ஒன்று. ஆட்டத்தின் ஓட்டத்தில் எதிரணி நேரடியாக அடித்தவை மூன்றுதான். ஸ்காட்லாந்துடனான அந்த 1-1 ஈரானுக்கு உலகக் கோப்பையில் கிடைத்த முதல் புள்ளி. (சேம்சைடு போட்ட எஸ்கந்தரியன் பிறகு நியூயார்க் காஸ்மாஸில் பல ஆண்டுகள் ஆடினார். ஒரு தவறு எப்போதும் ஆளைக் கவிழ்ப்பதில்லை.)

அதே காலகட்டத்தில் ஹெஜாசி இங்கிலாந்து போய் மான்செஸ்டர் யுனைடெட்டில் தேர்வுக்காகப் பயிற்சி எடுத்தார், ரிசர்வ் அணிக்கும் ஆடினார். ஆசியாவிலிருந்து ஒரு கோல்கீப்பர் இங்கிலாந்துக்குப் போவது அன்று கேள்விப்படாத சங்கதி. ஒப்பந்தம் மட்டும் கூடிவரவில்லை. ஈரானிலோ தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. 1978-79 லீக் பாதியில் நின்றது. 1979 பிப்ரவரியில் ஷாவின் ஆட்சி விழுந்தது.

புரட்சி கால்பந்தைத் தடை செய்யவில்லை. அதைச் சந்தேகத்தோடு பார்த்தது. கிளப்புகள் அரசின் கைக்குப் போயின, தாஜின் பெயர் எஸ்தெக்லால் ஆனது. தேசிய லீக் நின்றுபோய், தெஹ்ரான் அணிகள் தங்களுக்குள் ஆடும் நகர லீக் மட்டும் மிஞ்சியது. 1980 செப்டம்பர் 15இல் குவைத்தில் ஆசியக் கோப்பை தொடங்கியபோது ஹெஜாசி ஈரான் அணியில் இருந்தார். ஒரு வாரத்தில், 22ஆம் தேதி, ஈராக் படையெடுத்தது. பாரசீக வளைகுடாவின் கரையில் இருந்த நாட்டில் இவர்கள் பந்து ஆடிக்கொண்டிருக்க, அதே வளைகுடாவின் தலைமாட்டில் ஊர்கள் எரிந்தன. ஈரான் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பியது.

அதன் பிறகு வந்ததுதான் ஈரானியர்கள் இன்றும் 27 வயது விதி என்று சொல்லும் உத்தரவு. விளையாட்டு நிர்வாகத்தைக் கவனித்த அரசு அமைப்பு, 27 வயதைத் தாண்டியவர்கள் தேசிய அணிக்கு வேண்டாம் என்றது. இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். ஆனால் 1980களின் தொடக்கத்தில் 27ஐத் தாண்டியவர்கள் என்றால் யார்? உலகக் கோப்பை ஆடியவர்கள், மக்களுக்குப் பெயரும் முகமும் தெரிந்தவர்கள், பழைய ஆட்சியில் புகழ் பெற்றவர்கள். இது இளைஞர் நலத் திட்டம் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோல்கீப்பரின் கையும் கண்ணும் பக்குவப்படுவதே முப்பதை ஒட்டித்தான். 62 சர்வதேச ஆட்டங்களோடு, அந்தப் பக்குவத்தின் வாசலில் ஹெஜாசியை நிறுத்திவிட்டார்கள்.

காலத்தின் கடுமைக்கு இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். தேசிய அணிக்கு ஆடிய ஹபீப் கபிரிக்கு அரசியல் குற்றச்சாட்டில் 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. விளையாட்டு வீரனின் புகழ் அவனைக் காப்பாற்றும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. ஹெஜாசி பின்னாளில் பேசிய பேச்சை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

1980களின் நடுப்பகுதிவரை எஸ்தெக்லாலுக்கு ஆடினார். பிறகு டாக்கா.

ஈரான் ஆட்டக்காரர்கள் வங்காளத்துக்கு வரும் வழி அதற்கு முன்பே திறந்திருந்தது. அலிகார் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த மஜீத் பிஷ்கார், ஜம்ஷீத் நஸிரி இருவரும் 1980இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடி அங்கே பெரும் புகழ் பெற்றார்கள். டாக்காவில் அந்நாட்களில் முகமதன் ஸ்போர்ட்டிங், அபாஹனி என்ற இரண்டு கிளப்புகள் ஊரையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. ஆட்ட நாளில் வீட்டு மொட்டைமாடிகளில் எந்தக் கொடி பறக்கிறது என்பதை வைத்துக் குடும்பத்தின் கட்சியைச் சொல்லிவிடலாம். 1987இல் முகமதன் ஹெஜாசியைக் கொண்டுவந்தது. வேலை பயிற்சியாளர்தான் என்றாலும் தேவைப்பட்டபோது கையுறையையும் மாட்டிக்கொண்டார்.

அபாஹனி சும்மா இருக்குமா? 1986 உலகக் கோப்பை ஆடிய ஈராக் அணியிலிருந்து சமீர் ஷாகிர், கரீம் முகமது என்ற இருவரைக் கூட்டி வந்தது. ஈரானும் ஈராக்கும் ஏழாவது ஆண்டாக ஒருவரையொருவர் கொன்று குவித்துக்கொண்டிருந்த நேரம். எல்லையில் துப்பாக்கியோடு நின்றவர்களின் நாட்டுக்காரர்கள், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, டாக்கா மைதானத்தில் எதிரெதிர் அணியில் கால்பந்து ஆடினார்கள். கோப்பைக்கான ஆட்டம் கோலின்றி முடிந்ததும் இரு அணி ஆட்டக்காரர்களும் தாங்களே சேர்ந்து கூட்டு சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். வெளியே கலவரம் மூளும் பயம். கால்பந்து சம்மேளனம் அதை ஏற்காமல், பார்வையாளர்களே இல்லாத ராணுவ மைதானத்தில் மறு ஆட்டம் வைத்தது. முகமதன் 2-0 என வென்றது.

அடுத்த பருவத்திலும் முகமதன்தான் சாம்பியன். ஹெஜாசி வருவதற்கு முந்தைய 1986இன் வெற்றியையும் சேர்த்தால் தோல்வியே காணாமல் மூன்று பட்டங்கள். அந்த அணியில் இருந்த எமேகா எசுகோ பிற்பாடு நைஜீரியாவின் 1994 உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தார். ஊரில் யாரும் சீந்தாத காலத்தில் ஹெஜாசிக்கு டாக்கா கொடுத்த மரியாதை சாதாரணமானதல்ல.

ஆனால் அவருடைய டாக்கா நாட்களில் எனக்குப் பிடித்த கட்டம் வேறு. 1988-89 ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் முகமதனுக்கு வாய்த்த எதிரணி பெர்செபோலிஸ். புரட்சிக்குப் பிறகு பிருஸி என்று பெயர் மாற்றப்பட்டிருந்த அந்த அணிக்குப் பயிற்சியாளர் அலி பர்வின். ஆசியாவின் தரவரிசையில் வங்கதேசம் எங்கே, ஈரான் எங்கே! முகமதன் 2-1 என வென்றது. ஹெஜாசிக்கு பர்வின் ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவும் அத்துபடி. பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்த அறிவு எவ்வளவு உதவியிருக்கும் என்று கணக்கிட முடியாது, உதவாமல் போயிருக்கும் என்று சொல்லவும் முடியாது.

1989இல் பர்வினிடம் ஈரான் தேசிய அணி ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு ஹெஜாசி வங்கதேச தேசிய அணியோடு இஸ்லாமாபாத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இருந்தார். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்று வெள்ளி. வங்கதேசம் அந்தப் போட்டியில் கால்பந்துத் தங்கம் எடுக்க 1999 வரை காத்திருந்தது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர், அபாஹனிக்கு ஆட வந்த அதே ஈராக்கியர் சமீர் ஷாகிர்.

1990களில் ஹெஜாசி ஈரான் திரும்பினார். சிறிய கிளப்புகளில் வேலை பார்த்தார், 1996இல் எஸ்தெக்லாலின் பொறுப்பு வந்தது. 1997-98இல் லீக் பட்டம். மறு ஆண்டு அணி ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதிவரை போயிற்று. 1999 ஏப்ரல் 30, தெஹ்ரானின் ஆசாதி மைதானம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்தார்கள். எதிரே ஜப்பானின் ஜுபிலோ இவாட்டா. இடைவேளைக்கு முன்பே சுசுகியும் நகயாமாவும் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். 66ஆம் நிமிடம் தின்முகமதி ஒன்றைத் திருப்பினார். அத்தோடு சரி, 1-2. சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் முன்னால் கோப்பை கைநழுவிப் போனது. அதே ஆண்டில் பதவியும் போயிற்று.

ஈரானில் பெரிய கிளப் பயிற்சியாளரின் வேலை எப்படிப்பட்டது என்று இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்தெக்லாலும் பெர்செபோலிஸும் பல பத்தாண்டுகளாக, 2024இல் பங்குகள் கைமாறும்வரை, அரசின் சொத்து. கிளப்பின் நிர்வாகக் குழுவை நியமிப்பது விளையாட்டுத் துறை. அந்தத் துறையின் தலைவரை நியமிப்பது அரசாங்கம். ஆட்சி மாறினால் துறைத் தலைவர் மாறுவார், அவர் மாறினால் கிளப் தலைவர் மாறுவார், பயிற்சியாளர் நாற்காலி ஆடும். எனவே தோல்வி என்பது விளையாட்டு விஷயமாக மட்டும் நிற்காது. மேலே ஆள் இல்லாதவர் ஒரு தோல்வியிலேயே போய்விடுவார். பர்வினுக்கு பெர்செபோலிஸின் ரசிகர் கூட்டமே ஓர் அரணாக இருந்தது. 1982 முதல் 1993 வரை தொடர்ந்து அந்த அணியை நடத்தினார், பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். தேசிய அணியோடு 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வென்றார். 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனபோது அவரையும் தூக்கி எறிந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஹெஜாசியை ஒதுக்கியது சிவப்பு-நீலப் பகை என்று சொல்பவர்கள் உண்டு. அது நிற்காது. தாஜில் அவரோடு ஆடிய மன்சூர் பூர்ஹெய்தரி தேசிய அணிக்குப் பயிற்சியாளராகி 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். எஸ்தெக்லாலின் இன்னொரு செல்லப்பிள்ளை அமீர் கலேநோயிக்கு 2006இல் அந்தப் பதவி கிடைத்தது. நீலச் சட்டை ஒரு தடையே அல்ல. பயிற்சியாளராக அவர் போதவில்லை என்பதும் முழுப் பதில் ஆகாது. ஒரு லீக் பட்டம், ஓர் ஆசிய இறுதி, டாக்காவின் பட்டங்கள்: இதைவிடக் குறைந்த கணக்கோடு வந்தவர்களுக்கும் அந்த நாற்காலி கிடைத்திருக்கிறது. அதே சமயம் 1999க்குப் பிந்தைய அவருடைய பணிகள் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸோப் ஆஹன், எஸ்தெக்லால் அஹ்வாஸ் என்று கிளப் கிளப்பாகப் போனார். 2007இல் மீண்டும் எஸ்தெக்லால் அழைத்தது, சில மாதங்களிலேயே அனுப்பிவிட்டது. ஆண்டுகள் நீடித்து ஓர் அணியைத் தன் கையால் வனைய அவருக்கு ஈரானில் கிடைத்த வாய்ப்பு ஒரே ஒருமுறைதான்.

மீதி இருப்பது அந்த வாய். நிர்வாகிகளை, சம்மேளனத்தை, கால்பந்தில் அரசியல்வாதிகள் நுழைவதைப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சாடினார். 2005 அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். அந்தத் தேர்தலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனு செய்தார்கள். யார் போட்டியிடலாம் என்று முடிவு செய்யும் காவலர் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவர்களை மட்டும் அனுமதித்தது. ஹெஜாசி அதில் இல்லை. ஜெயிக்கலாம் என்று அவரே நம்பியிருப்பாரா என்பது சந்தேகம். எனக்கு அது ஒரு கோல்கீப்பர் பெனால்டிப் பகுதியை விட்டு வெளியே ஓடி வந்ததாகத்தான் படுகிறது. ஆபத்து என்று தெரிந்தே வருவது.

2010 டிசம்பரில் அதிபர் அகமதிநிஜாத்தின் அரசு எரிபொருள், ரொட்டி, மின்சாரம் ஆகியவற்றின் மானியத்தை வெட்டியது. அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் சுமார் 45,000 டோமான் வங்கிக் கணக்கில் போட்டது. விலைகள் ஏறின. நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஹெஜாசி 2011 ஏப்ரலில் இதைப் பற்றி வாய் திறந்தார். எண்ணெயும் எரிவாயுவும் உள்ள நாட்டில் மக்கள் இப்படி வறுமையில் கிடப்பதைக் கடிந்தார், அந்த உதவித்தொகையையும் விட்டுவைக்கவில்லை. 2009 தேர்தல் போராட்டங்கள் அடக்கப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் மூசவி வீட்டுக்காவலில் இருந்தார். பெயர் பெற்ற பலர் பேசாமல் இருந்த நாட்களில் இவர் படுக்கையிலிருந்து பேசினார். இழக்க ஒன்றுமில்லாதவர் பேசுவது எளிது என்று சொல்லலாம். ஆனால் அவர் இழக்க நிறைய இருந்தபோதும் பேசியவர்தான்.

மே 20ஆம் தேதி எஸ்தெக்லாலின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவிழந்தார். மே 23 அன்று தெஹ்ரான் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 61.

பெரும் கூட்டம் கூடுவதை அஞ்சிய அரசுக்கு இறுதி அஞ்சலியை ஆசாதியில் நடத்துவதைத் தவிர வேறு வழி இருந்திருக்குமா தெரியாது, அங்கேதான் நடந்தது. பெஹெஷ்தே ஸஹ்ரா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் முன் உடல் மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த பல்லாயிரம் பேரில் நீலக் கொடிக்காரர்களோடு சிவப்புக் கொடிக்காரர்களும் இருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லி எழுந்த முழக்கங்களுக்கு நடுவே மூசவியின் பெயரும் கேட்டது. மேடையில் அதிகாரிகள் இருந்தார்கள், சுற்றிலும் பாதுகாப்புப் படை நின்றது. முழக்கம் அடங்கவில்லை.